ரப்பர் குழாயின் சீறல்

கார் மெக்கானிக்கான அப்பாவை அவர் பட்டறை இருந்த தெருவே 'காது' என்றுதான் சொல்லும். முப்பத்தோரு வருடம் அவர் பானெட்டைத் திறந்தவுடன் எந்தக் கருவியையும் தொட்டதில்லை. கண்ணை மூடித் தலையைச் சாய்ப்பார். மூன்றாவது சிலிண்டரில் பிளக் போயிருக்கிறது என்பார். போயிருக்கும். பொறியியல் படித்து எஞ்சின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் மகளுக்கு அதில் உள்ளூரப் பெருமை. வெளியே காட்டிக்கொண்டதில்லை. இனிக் காட்ட அவர் இல்லை. மாரடைப்பு வந்து நான்கு மாதமாகிறது.

போன வருடம் மருந்துக்கடைக்காரரின் கார் மூன்று நாளாக ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. நின்ற இடத்திலேயே எஞ்சின் தலைதெறிக்க ஓடியது. நிமிடத்துக்கு எண்ணூறு சுற்றில் நிற்க வேண்டிய முள் ஆயிரத்து ஐந்நூறைவிட்டு இறங்கவில்லை. அப்பா ஆக்ஸிலேட்டர் கேபிளைத் தளர்த்தினார். த்ராட்டிலைக் கழற்றி இரண்டு முறை துடைத்தார். ஐடில் வால்வையும் மாற்றினார். முள் மசியவில்லை.

"காதுக்கே காய்ச்சல் போல. நம்மகிட்ட மாத்திரை இருக்கு, வேணுமாண்ணே?" என்றார் கடைக்காரர். பெஞ்சில் இருந்த இருவர் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

விடுமுறைக்கு வந்திருந்த மகள் அப்போதுதான் சாப்பாட்டோடு உள்ளே நுழைந்தாள். வாசலிலேயே அவளுக்குக் கேட்டுவிட்டது. பிரேக் பூஸ்டருக்குப் போகும் ரப்பர் குழாயில் விரிசல். அந்த வழியாக எஞ்சின் திருட்டுத்தனமாகக் காற்றை இழுத்துச் சீறிக்கொண்டிருந்தது.

"இவ்ளோ சத்தமா ஸ்ஸ்னு வருதேப்பா. உங்களுக்குக் கேக்கலையா?"

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது. இரைச்சலில் வேலை செய்பவர்களுக்கு மெல்லிய கூர்மையான சத்தம்தான் முதலில் கேட்காமல் போகும். படித்திருக்கிறாள். பரீட்சையில் எழுதியும் இருக்கிறாள்.

யாரும் சிரிக்கவில்லை. கடைக்காரர் தன் செருப்பைப் பார்த்தார். அப்பா அவள் காட்டிய இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். எஞ்சின் சட்டென்று அடங்கியது.

"ஆமாங்க, இங்கதான்," என்றார். வாடிக்கையாளரிடம் பேசும் குரலில், மகளிடம்.

வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. மன்னிப்புக் கேட்டால் அதை இன்னொரு தடவை சொல்லிக்காட்டியது போலாகிவிடும் என்று அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

ஊருக்குக் கிளம்பும் அன்று பட்டறைக்குச் சொல்லிக்கொள்ளப் போனாள். வேறொரு கார், அதே கோளாறு. அப்பா குழாய்களின் மேல் கிளீனர் ஸ்ப்ரேயை ஒவ்வோர் இடமாக அடித்து, பேட்டரி மேல் வைத்திருந்த, சுற்று வேகம் காட்டும் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். விரிசலில் ஸ்ப்ரே பட்டால் எஞ்சினின் வேகம் மாறும். காதே தேவைப்படாத சோதனை. அவள் வாரத்துக்கு இரண்டு தடவை செய்வது. அன்றைக்கு வாயைத் திறக்காமல் அந்த டப்பாவை எடுத்து நீட்டியிருந்தால் போதும்.

அவள் நிழல் விழுந்ததும் அப்பா நிமிர்ந்தார். டப்பாவை அவசரமாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"கெளம்பிட்டியாம்மா?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சுப்பா," என்றாள், எதையும் பார்க்காதவள் போல. பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.