தனசேகருக்கு நான் தேர்ந்தெடுத்த டர்ன்டேபிள்

அந்த இசைத்தட்டு மூன்று நிமிடம் பத்து நொடியில் முடிந்திருக்க வேண்டும். லேபிளில் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. என் கைக்கடிகாரத்தில் மூன்று நிமிடம் நாற்பத்தெட்டு நொடி ஆகியிருந்தது. அறையில் இருந்த மற்ற இருவருக்கும் அது தெரியாது. மகன் அழுதுகொண்டிருந்தார். அம்மா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஆடியோ சர்வீஸில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். அதில் நான் செய்த தவறுகளில் இதை முதலில் எழுதுகிறேன்.

1. ஒரே ஒரு ரெகார்டு

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள். டோல்கேட் அருகே காதர் பாய் கடையில் மெக்கானிக்காக இருந்தேன். வெளிநாட்டுப் பழைய ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், டர்ன்டேபிள் என்கிற ரெகார்டு பிளேயர் எல்லாம் வாங்கிச் சரிசெய்து விற்கிற கடை. ஊரே சிடிக்கு மாறிவிட்டிருந்தது. டர்ன்டேபிள் கேட்டு வருகிற ஒன்றிரண்டு பேரும் விஷயம் தெரிந்தவர்கள். மாடல் பெயர் சொல்லித்தான் கேட்பார்கள்.

தனசேகருக்கு ஒன்றும் தெரியாது. துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர், நாற்பது வயது இருக்கும்.

"கீறதுலயே ஒசத்தியான ரெகார்டு பிளேயரு எதுண்ணே?" என்றார்.

"எத்தனை ரெகார்டு வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணுதான்."

காதர் பாய் சிரித்துவிட்டார். தனசேகர் சிரிக்கவில்லை. அவருடைய அப்பா ராயபுரத்தில் ஒரு பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தவர். அந்த செட்டை ஒரே ஒருமுறை ரெகார்டு செய்து, வாசித்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு தட்டு கொடுத்திருக்கிறார்கள். தனசேகர் ஏழு மாதக் குழந்தையாக இருக்கும்போது அப்பா இறந்துவிட்டார்.

"கண்ட ஊசில வெச்சா கீறிடும்னு எங்கம்மா யார் கையிலயும் குடுக்கல. பொடவைக்குள்ள சுத்தி வெச்சிகினு கீது. நானே இன்னும் கேட்டதில்ல. இப்போ எழுவது வயசு ஆய்டுச்சி, கேட்டுடலாம்டான்னு சொல்லுது. அதான், நல்ல மெஷினா குடு."

2. மூன்றில் ஒன்று

கடையில் அப்போது உயர்ந்த ரகத்தில் மூன்று இருந்தன. ஒன்று தானாகவே ஊசியை இறக்கி ஏற்றும் ஆட்டோமேட்டிக். பார்க்க அழகு, ஆனால் ஊசி ரெகார்டை அழுத்தும் எடையை நம் இஷ்டத்துக்குக் குறைக்க முடியாது. இரண்டாவது டைரக்ட் டிரைவ், ரெகார்டு வைக்கிற சுழல்தட்டு மோட்டார் மேலேயே சுற்றும். உறுதியான மெஷின், ஸ்பிரிங் கிடையாது. மூன்றாவது பெல்ட் டிரைவ், மோட்டார் புல்லியில் மாட்டிய ரப்பர் பெல்ட் சுழல்தட்டைச் சுற்றும். கனமான சுழல்தட்டு, அடியில் அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங், ஊசியைத் தாங்கும் டோன் ஆர்மில் கால் கிராம் துல்லியத்தில் எடை திருத்தலாம்.

"வூடு எங்க கீது?" என்று கேட்டேன்.

"காலடிப்பேட்டை. ஹைரோடு மேலயே."

அந்தச் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர் போனால் அலமாரியில் பாத்திரம் ஆடும். ஊசி துள்ளினால் இருக்கிற ஒரே தட்டும் போய்விடும். அதனால் பெல்ட் டிரைவைச் சொன்னேன். புது ஊசி போட்டு, எடையை ஒன்றரை கிராமுக்கு வைத்தேன். காரணங்கள் எல்லாம் சரி. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

அது அமெரிக்காவிலிருந்து வந்த மெஷின். நூற்றுப் பத்து வோல்ட் என்பதால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தேன். சுழல்தட்டின் ஓரத்தில் வேகம் பார்க்கிற புள்ளிகள் உண்டு. சிறு விளக்கின் வெளிச்சத்தில் அவை அசையாமல் நின்றால் வேகம் சரி என்று அர்த்தம். நின்றன. திருப்தியாகக் கட்டிக் கொடுத்தேன்.

3. நிதானமான ஆள்

தனசேகர் வீட்டுச் சுவரில் தனிப் பலகை அடித்து, அதன் மேல் மெஷினை வைத்து, தட்டை நானே போட்டேன். கிளாரினெட் தடித்த குரலில் மெதுவாக வந்தது. தனசேகர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். முடிந்ததும் அவருடைய அம்மாவிடம், "எப்டிம்மா கீது?" என்றார்.

"நல்லா கீதுப்பா," என்றார் அந்த அம்மா. சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டேன். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

பஸ்ஸிலேயே கணக்கு புரிந்தது. ஆறில் ஐந்து பங்கு வேகம். அமெரிக்காவில் கரண்ட் நொடிக்கு அறுபது சுற்று, நமக்கு ஐம்பது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், சுற்றை மாற்றாது. சுற்று குறைந்ததால் மோட்டார் மெதுவாக ஓடியிருக்கிறது. புள்ளிகளும் அறுபதுக்கு அச்சிட்டவை. விளக்கோ நம் ஐம்பதில் மினுக்கி எரிவது. இரண்டும் ஒரே அளவு பிசகியதால், தப்பான வேகத்திலும் புள்ளிகள் நின்று காட்டின.

காதர் பாயிடம் சொன்னேன். "அந்தாளு அழுதாருன்னு நீதானே சொல்ற. சந்தோஷமா கீறவர ஏன்யா பேஜார் பண்ற?" என்றார். இரண்டு நாள் சும்மா இருந்தேன்.

மூன்றாம் நாள் தனசேகர் இனிப்புடன் கடைக்கு வந்தார்.

"எங்கப்பா கோவக்காரருன்னு சொந்தக்காரங்க சொல்வாங்கண்ணே. வாசிப்பு கேட்டதுக்கு அப்புறம்தான் தெரியுது, எவ்ளோ நிதானமான ஆளுன்னு."

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. சொன்னேன்.

"அப்போ அது எங்கப்பா இல்லியா?"

"அவர்தான். வேகம்தான் தப்பு. நான் பார்த்திருக்கணும்."

இனிப்பை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

திருவொற்றியூரில் ஒரு லேத் பட்டறையில், கடையில் கிடந்த அதே மாடல் உதிரி மெஷினின் மோட்டார் புல்லியை அளந்து, ஐந்துக்கு ஆறு என்ற கணக்கில் பெரிய புல்லி கடைந்து வாங்கினேன். ஞாயிறு காலை காலடிப்பேட்டைக்குப் போனேன். தனசேகர் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார். புல்லியை மாட்டி, தட்டைப் போட்டேன்.

கிளாரினெட் மெலிந்து, மேலே ஏறி, ஓட்டமாக வந்தது. தனசேகரின் முகம் சுருங்கியது.

"இது யாரோ மாதிரி கீதுண்ணே. பழையபடியே வெச்சிடு."

அவருடைய அம்மா கட்டிலிலிருந்து எழுந்து மெஷின் பக்கத்தில் வந்து நின்றார். "சும்மா இருடா," என்றார். பிறகு விரலைத் தூக்கி, "இப்போ மூச்சு வாங்குவாரு பாரு," என்றார்.

கிளாரினெட் நின்றது. ஸ்பீக்கரில் ஒரு மனிதர் சரக்கென்று மூச்சை இழுப்பது கேட்டது. உடனே வாசிப்பு மறுபடி ஓடியது.

"எதுலயும் அவசரம் அந்தாளுக்கு. சோறு துன்னாலும் அவசரம்," என்றார் அந்த அம்மா.

தட்டு ஓடி முடிந்தது. "அன்னிக்கே ஏம்மா சொல்லல?" என்று தனசேகர் கேட்டார்.

"நீ அப்டி அழுதுகினு இருந்த. அது உங்கப்பா மாதிரி இல்லடான்னு எப்டி சொல்றது?"

தனசேகர் ஊசியைத் தானே தூக்கி, நான் சொல்லிக் கொடுத்தபடி ஓரத்தில் வைத்தார். இரண்டாவது தடவை மூச்சு வரும் இடத்தில் அவரும் விரலைத் தூக்கினார். நான் கருவிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அதன் பிறகு எந்த மெஷின் வந்தாலும் முதலில் அடியைக் கழற்றி மோட்டார் தகட்டில் ஐம்பதா அறுபதா என்று படித்தேன். புள்ளிகளை மட்டும் நம்பவில்லை. டெலிவரி கொடுக்கும்போது, அந்த இசையை நேரில் கேட்டவர் வீட்டில் யாராவது உண்டா என்று விசாரித்து, அவரையும் உட்காரவைத்துக் கருத்துக் கேட்டேன். நல்லா கீது என்று மட்டும் சொன்னவரிடம் இன்னொரு தடவை கேட்டேன்.