நேர்முகத்துக்கு அப்பாவுடன் பாப்பாமோட்டைக்கு

காற்றாலைகள் எங்கள் மன்னார்த் தீவில்தான் சுழல்கின்றன. அவற்றைப் பார்த்தபடி மின்சாரம் இல்லாமல் உட்கார்ந்திருப்பவர்களும் நாங்கள்தான். பிற்பகல் இரண்டு மணிக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று என்னைக் காணொளியில் நேர்முகம் காண இருந்தது. அறிவாற்றல் நரம்பியலில் முதுகலை. மூளை எப்படி நினைக்கிறது, பேசுகிறது என்று ஆராயும் படிப்பு. மாலை வரை மின்வெட்டு என்ற செய்தி எங்கள் ஊரான பேசாலைக்கு வந்தது அன்று காலை ஏழு மணிக்கு. இதற்குக் கோபப்படாமல் வேறெதற்குக் கோபப்படுவது?

பெருநிலத்தில், பாப்பாமோட்டையில், தோழி சுகன்யாவின் வீட்டுக் கூரையில் சோலார் உண்டு. "வெளிக்கிட்டு வா, கதிரை மேசை எல்லாம் போட்டு வைக்கிறன்," என்றாள் தொலைபேசியில். அம்மா கருவாடு காயவிடப் போய்விட்டதால் அப்பாவையும் கூட்டிக்கொண்டேன். முப்பது வருடம் கடலுக்குப் போனவர். பக்கவாதம் வந்த பிறகு அவரிடம் மிஞ்சியிருப்பது ஒரே சொல்: ஆமென்பதற்கு நாங்கள் சொல்லும் ஓம்.

ஒன்பதரை மணி பஸ். மன்னார் பட்டினம் வரை ஆளுக்கு எண்பது ரூபாய். தோட்டவெளியில் கழுதைகள் வீதியை மறித்து நின்றன. எத்தனை தரம் ஹோன் அடித்தும் அசையவில்லை. வேறு நாளென்றால் சிரித்திருப்பேன்.

பட்டினத்தில் ஓட்டோ பிடித்தோம். சாரதி என்னை விட்டுவிட்டு அப்பாவிடம் கேட்டார்:

"போக வர நாலாயிரம். சரிதானே அண்ணை?"

"ஓம்," என்றார் அப்பா.

"அப்பா எல்லாத்துக்கும் ஓம் எண்டுதான் சொல்லுவார். மூவாயிரம் தாறன்."

"அவரே சொல்லிட்டார், தங்கச்சி!"

பெண் வாய் திறந்தால் பேரமாம், ஆண் தலையாட்டினால் ஒப்பந்தமாம். மூவாயிரத்தைந்நூறுக்கு இறங்கிவந்தார்.

பாலம் மூன்று கிலோமீற்றருக்கும் கூட. இருபுறமும் ஆழமில்லாத கடல்; காற்று ஓட்டோவைப் பிடித்து உலுக்கியது. அப்பாவின் கையை விடாமல் பிடித்திருந்தேன். அக்கரையில் வயல்கள் தொடங்கின.

சுகன்யா சோறு போட்டுவிட்டுத்தான் கணினியைத் திறந்தாள். "வெள்ளிக்கிழமை, மச்சம் இல்லை. குறை நினையாதேங்கோ ஐயா," என்றாள். மீன் இல்லாமல் சாப்பிட்டறியாத அப்பா அதற்கும் "ஓம்" என்றார்.

இரண்டு மணிக்குத் திரையில் இருவர் தோன்றினார்கள். முதல் கேள்வியே, போர் உங்களை எப்படிப் பாதித்தது என்பது. நான் வந்தது வேறு கேள்வியோடு என்றேன். என் அப்பாவால் என் பெயரைச் சொல்ல முடியாது. ஆனால் தவக்காலத்தில் கோயிலில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பசாம் பாடும்போது ஒரு சொல்லும் பிசகாமல் கூடப் பாடுகிறார். அந்தச் சொற்கள் மூளையின் எந்த வழியால் வருகின்றன? அதே வழியால் என் பெயரையும் வரவைக்க முடியுமா?

"மிகவும் உருக்கமானது," என்றார் மூத்தவர். "ஆனாலும் விண்ணப்பத்தில் போரின் வடுவைப் பற்றி இரண்டு பந்தி சேர்த்தால் தெரிவுக்குழு உங்களை மறக்காது. திங்கட்கிழமைக்குள் அனுப்புங்கள்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போர் எங்கள் வீட்டையும் விட்டுவைக்கவில்லைதான். அதற்காக, வாசனைக்குத் தாளித்துக் கொட்ட அது கறிவேப்பிலையா? "அப்பாவை வீழ்த்தியது போர் இல்லை, இரத்த அழுத்தம்," என்றேன். "உங்கள் ஊர் மாணவி இதே கேள்வியைக் கொண்டுவந்தால் கேள்வியை மட்டும்தானே பார்ப்பீர்கள்? என் கேள்வியையும் அப்படியே பாருங்கள். நான் எதையும் சேர்க்கமாட்டேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அறிவிப்போம் என்று சொல்லித் திரையை மூடினார்கள்.

"விசரி!" என்றாள் சுகன்யா. "ரெண்டு பந்தி எழுதினா என்ன குறைஞ்சு போகும்? இந்த வருசம் விட்டா பிறகு எங்க போய்ப் படிக்கப் போறாய்?"

"எழுதலாம். பிறகு படிச்சு முடியுமட்டும் அதைத்தானே கேப்பினம்."

அவள் எழுந்துபோய், அப்பாவின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்து ஓட்டோவில் ஏற்றிவிட்டாள்.

திரும்பும்போது என் கோபம் ஆறவில்லை, பயமும் சேர்ந்துகொண்டது. படிக்க எனக்கிருந்த ஒரே வழியை நானே அடைத்துவிட்டேனோ? பாலத்தின் நடுவில் வரும்போது தூரத்தில் காற்றாலைகள் தெரிந்தன. அவை பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தன.

சாரதி தலையைத் திருப்பி, "படிப்புக்கு எண்டுதானே வந்தனீங்கள்? பிள்ளைக்கு இடம் கிடைக்குமோ அண்ணை?" என்று கேட்டார்.

"ஓம்," என்றார் அப்பா.

சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். காலையில் போலக் குறுக்கே விழுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். இந்த முறை நான் திருத்தவில்லை.