என் நாத்தனார் விலக்கிய போர்வை

சீயக்காயோடு எலுமிச்சைத் தோல் சேர்த்து அரைத்த விழுதுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் என் வீட்டுக்காரரும் அதைக் கையிலும் கழுத்திலும் பூசி, தோல் சிவக்கும்வரை தேய்ப்போம். ஆம்பூரில் நாங்கள் இருவரும் ஒரே தோல் ஷாப்பில் வேலை செய்தோம். அவர் சுண்ணாம்புக் குழியில் தோல்களை ஏற்றி இறக்குவார். நான் மற்ற பெண்களோடு உட்கார்ந்து, தோல் பதப்படுத்துவதற்கு ஆவாரம்பட்டை இடிப்பேன். பச்சைத் தோலின் வாடை துணியில் ஏறி, தலைமுடியில் ஏறி, கடைசியில் நாம் விடுகிற மூச்சிலும் ஏறிவிடும். எங்கள் மூக்குக்கு அது தெரியாது. எதிரே வருகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்போதுதான் தெரியும். அப்படி யாரும் முகத்தைத் திருப்பிவிடக் கூடாது என்றுதான் அன்றைக்கு மட்டும் அந்தத் தேய்ப்பு. ஞாயிற்றுக்கிழமை, மாமனாரைப் பார்க்கப் போகிற நாள்.

மாமனார் இருந்தது பாலாற்று மணலைத் தாண்டி, தோப்புக்கு நடுவில் இருந்த ஒரு விடுதியில். ஆதரவில்லாத வயதானவர்களையும் எழுந்து நடக்க முடியாதவர்களையும் வைத்துப் பார்ப்பதற்காக மிஷன்காரர்கள் நடத்தியது. ஊரில் அதைக் கிழவர் பங்களா என்பார்கள். மாமனார் வாலிபத்திலிருந்து சுண்ணாம்புக் குழியில் நின்றவர். ஒரு நாள் பகலில் குழிக்கரையிலேயே விழுந்தார். இடது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. வீட்டில் பகலில் ஆள் கிடையாது. நான் ஷாப்பில் பட்டை இடித்துக்கொண்டிருந்தாலும் மனசு வீட்டில்தான் இருக்கும். தண்ணீர் கேட்பாரோ, புரண்டு கீழே விழுவாரோ என்று ஒரே பதைப்பு. ஒரு நாள் மத்தியானம் ஓடிவந்து பார்த்தேன். தெருநாய் ஒன்று உள்ளே நுழைந்து அவருடைய தட்டிலிருந்த சோற்றைத் தின்றுகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். அதை எங்கள் ஷாப்பு முதலாளி சாயபுவிடம் அழுதுகொண்டே சொன்னேன். "பேஜார் பண்ணிக்காதம்மா, அங்க கட்டிலு இருக்குது, வேலூர்லேருந்து டாக்டர் வர்றாரு, நான் பாதிரியார்கிட்ட பேசறேன்" என்றார். பேசி, இடமும் வாங்கிக் கொடுத்தார். மாமனாரை மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பிக் கொண்டுபோய் விட்டோம். இனாமாகக் கட்டில், இனாமாகச் சோறு. யாராவது மனசு மாறி வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று எனக்கு அப்போதே பயம்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் சொந்தக்காரர்களை உள்ளே விடுவார்கள். இரண்டாவது தடவையோ மூன்றாவது தடவையோ போனபோது வார்டு பார்க்கிற அம்மாள் எங்களைக் கையமர்த்தினார். "தோல் ஷாப்புக்காரங்க தானே? இப்டி வாசப்படிகிட்டயே குந்துங்க. நீங்க வந்தா உள்ள ஒரே வாடை. பக்கத்துல படுத்திருக்கிறவங்க கொமட்டுதுன்றாங்க." எங்களுக்கு வெட்கமாகப் போயிற்று. அதற்குப் பிறகுதான் எலுமிச்சைத் தோல் சேர்த்து அரைக்க ஆரம்பித்தேன். எவ்வளவு தேய்த்தாலும் அந்த அம்மாள் மூக்கைச் சுளிப்பது நிற்கவில்லை. நாங்கள் வாசற்படியிலேயே உட்கார்ந்து, "மாமா, நல்லா இருக்கீங்களா?" என்று அங்கிருந்தே குரல் கொடுப்போம். அவர் கழுத்துவரை போர்வை போர்த்திப் படுத்திருப்பார். வலது கை மட்டும் போர்வையின் நுனியை இறுகப் பிடித்திருக்கும். குளிர்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். கொண்டுபோன பழத்தை அந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டு, மணி அடித்ததும் திரும்பிவிடுவோம்.

என் நாத்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா, திருப்பத்தூர் பக்கம் வேர்க்கடலை பயிரிடுகிற ஒரு குடும்பத்துக்கு வாக்கப்பட்டுப் போனவர். கடலை பிடுங்கி முடித்த பிறகுதான் அவரால் அப்பாவைப் பார்க்க வர முடிந்தது. சத்தமாகப் பேசுவார், வேகமாக நடப்பார். அவர் முன்னால் போக, நாங்கள் மணலில் கால் புதைய ஓடினோம். வார்டுக்கு வந்ததும் வழக்கம்போல நாங்கள் வாசற்படியில் உட்கார்ந்தோம்.

"இன்னாடி இது? அப்பன பாக்க வந்துட்டு வாசல்ல குந்தினு இருக்கீங்க? பிச்சைக்கா வந்தீங்க?"

"எங்க மேல வாடை அடிக்குதாம்க்கா. அதான்."

அவர் குனிந்து என் தோளுக்கருகே ஒரு முறை முகர்ந்தார். பிறகு நிமிர்ந்து வார்டுக்குள் பார்த்து இன்னொரு முறை மூச்சை இழுத்தார். முகம் மாறிவிட்டது.

"உங்க மேல அடிக்குது. இல்லன்னு சொல்லல. ஆனா அது வேற, இது வேற."

நேராக மாமனாரின் கட்டிலுக்குப் போனார். போர்வையைத் தொட்டதும் மாமனாரின் வலது கை அதை இழுத்துப் பிடித்தது. "நைனா, நான்தான். வுடு" என்றார் நாத்தனார். மாமனார் விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. போர்வையை விலக்கி அவரை ஒருக்களித்துத் திருப்பினார். இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு அழுகிய புண். ஒரே பக்கமாகப் படுத்துப் படுத்து வந்தது. அந்தப் புண்ணின் வாடையைத்தான் எங்கள் உடம்பு வாடை என்று அவர்கள் சொன்னார்கள், நாங்களும் நம்பினோம். வெளியிலிருந்து வருகிற யாருக்கும் உடனே தெரிந்திருக்கும். நாளெல்லாம் அழுகலுக்கு நடுவில் நின்ற எங்களுக்குத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "டேய், மூக்க ஷாப்புலயே கழட்டி வெச்சிட்டு வந்துட்டியா?" என்று நாத்தனார் கேட்டார். கேட்ட வேகத்திலேயே அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைத் துடைத்துவிட்டு வார்டு அம்மாளைப் பார்த்தார். அந்த அம்மாள் சண்டைக்குத் தயாராக இடுப்பில் கை வைத்திருந்தார்.

"நான் ஒருத்தி. இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் கட்டிலு. சோறு ஊட்டறதா, பீ வாரறதா, ஒவ்வொருத்தரா பொரட்டிப் போடறதா? எனக்கு இன்னா பத்து கையா இருக்குது?"

"இத்த மேல சொன்னியா?"

"சொன்னேன். ஜெபம் பண்ணு, பெலன் கெடைக்கும்னாங்க."

"ஜெபம் நானும் பண்றேன். அது வரைக்கும் கை வேணும் இல்ல? வா, ரெண்டு பேருமாப் போயி சொல்லுவோம்."

சண்டை போட நின்ற அம்மாள் ஒரு நிமிஷம் திகைத்துப் பார்த்தார். பிறகு முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு கூடவே நடந்தார். இருக்கிற இடமும் போய்விடுமே என்று நாத்தனாரின் புடவையைப் பிடித்து இழுத்தேன். அவர் என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனார், என் வீட்டுக்காரரும் பின்னாலேயே வந்தார்.

விடுதியை நிர்வகிக்கிற மேட்ரன் ஒரு துரைசானி, வெள்ளைக்காரம்மா. நம் பாஷை பேசுவார், ஆனால் வேதப் புத்தகத்திலிருந்து எடுத்தது மாதிரி இருக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இங்கே ஏழைகளுக்குச் செய்யப்படுவது தர்மம். இதிலே உங்களுக்குத் திருப்தி இல்லையென்றால் உங்கள் தகப்பனாரை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போகலாம்" என்றார்.

நான் பயந்த வார்த்தை அதுதான். என் வீட்டுக்காரர் உடனே, "சரிம்மா, கூட்டிக்கினு போயிடறோம்" என்று கை கூப்பிவிட்டார். எனக்கு அந்தத் தெருநாய்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. நாத்தனார் தம்பியின் கூப்பிய கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"யாரும் எங்கயும் போகல. அவரு இங்கதான் இருப்பாரு. நீங்க நல்லாப் பாக்கணும். இனாம்னு சொல்லியே எங்க வாயக் கட்டிட்டீங்க. இனாமாப் போட்டாலும் சோறு வெந்திருக்கணும் இல்ல? வந்து பாருங்க. பாத்துட்டு அப்பறம் போகச் சொல்லுங்க."

அப்படிச் சொல்லி அந்தத் துரைசானியின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். என் உயிரே போய்விட்டது. ஆனால் துரைசானி கையை உதறவில்லை. வார்டுக்கு வந்தார். மாமனாரின் புண்ணைப் பார்த்தார். நாத்தனார் அதோடு விடாமல் அடுத்த கட்டிலுக்குப் போனார். அங்கே சொந்தம் என்று ஒருவரும் இல்லாத ஒரு கிழவர் படுத்திருந்தார். போர்வையை எடுத்தபோது அது அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அவர் ஓவென்று கத்தினார். "ஏன் என்னிடத்தில் சரியாகச் சொல்லவில்லை?" என்று துரைசானி வார்டு அம்மாளைக் கேட்டார். "சொன்னேம்மா" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. துரைசானி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, வெந்நீர் கொண்டுவரச் சொல்லி, அந்தக் கிழவரின் முதுகைத் தாமே கழுவ ஆரம்பித்தார்.

அன்று மணி அடித்தும் நாத்தனார் கிளம்பவில்லை. காவல்காரர் வந்து, "மணி அடிச்சாச்சும்மா" என்றார். "அடிக்கட்டும், நல்லாத்தான் இருக்குது சத்தம்" என்றார் நாத்தனார். வேலை முடிந்து கைகழுவ வந்த துரைசானியிடம் மறுபடியும் பேச்சைத் தொடங்கினார். எந்த நாளானாலும் வீட்டுக்கு ஒருவரை உள்ளே விட வேண்டும். வார்டுக்கு இன்னொரு ஆள் போட வேண்டும். ஒருவருக்கு அனுமதி கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டிவரும் என்று துரைசானி சொன்னார். "குடுங்க" என்றார் நாத்தனார். கொஞ்ச நாள் விட்டுப் பார்க்கலாம் என்று கடைசியில் பதில் வந்தது.

அதற்குள் வெளியே கேட்டருகே மற்ற சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். அண்ணனை அங்கே சேர்த்திருந்த வாணியம்பாடி பாய் ஒருவர் கெஞ்சவே செய்தார். "கம்முனு இருங்கம்மா. நீங்க பேசிட்டுப் போயிடுவீங்க, எங்க கட்டிலு போயிடும்."

"கட்டிலு போனா வேற கட்டிலு பாக்கலாம் பாய். ஆளு போயிட்டா? நீங்க உங்க அண்ணன் முதுகப் பாத்து எத்தனை நாளாச்சு?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாய் வந்ததும் முதல் வேலையாகத் தம் அண்ணனின் போர்வையைத்தான் விலக்கினார். பிறகு ஒரு தயக்கத்தோடு பக்கத்துக் கட்டில்காரரின் போர்வையையும் தூக்கிப் பார்த்தார். கொஞ்ச நாளில் அது அந்த வார்டின் வழக்கமாகிவிட்டது. வருகிறவர்கள் தங்கள் ஆளைப் பார்த்த கையோடு பக்கத்தில் இருப்பவரையும் பார்க்க வேண்டும். யாருமில்லாதவர்களுக்கும் அப்படித்தான் யாரோ கிடைத்தார்கள்.

நாத்தனார் ஊருக்குத் திரும்ப வேண்டும். தினமும் போய்ப் பார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு நாக்கு எழாது, எதிர்த்துப் பேசத் தெரியாது, பள்ளிக்கூடத்தையும் பாதியில் விட்டவள். என்னால் முடியாது என்றேன். "உன்னை யாரு பேசச் சொன்னா? மூக்கு வேலை செய்யலன்னா கண்ணு இருக்குது, கை இருக்குது. போயி தொட்டுப் பாரு, போதும்" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறிவிட்டார்.

போனேன். விடிந்ததும் மணலைத் தாண்டி ஓடி, வார்டு அம்மாளோடு சேர்ந்து மாமனாரை ஜன்னல் பக்கமாக ஒரு முறை, சுவர்ப் பக்கமாக ஒரு முறை புரட்டிவிட்டு, ஷாப்புக்கு ஓடுவேன். மேஸ்திரி முணுமுணுப்பார். கேட்டில் நிற்கும்போதெல்லாம் இன்றைக்கு உள்ளே விடமாட்டார்களோ என்று பயமாக இருக்கும். ஒரு நாள்கூட அந்தப் பயம் இல்லாமல் நான் போகவில்லை. பயத்தோடேயே போனேன். புண் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வந்தது. ஒரு நாள் காலையில் நான் போர்வையை விலக்கியபோது மாமனாரின் கை அதைப் பிடிக்கவில்லை. ஜன்னல் வழியே தென்னை மரத்தில் ஏறுகிற அணிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது வேலூர்ப் பக்கம் பெரிய பெரிய கட்டிடங்கள் வந்துவிட்டன. பெற்றவர்களை அப்படிப்பட்ட இடங்களில் விட்டுவிட்டு வந்து, "நல்லா பாத்துக்கறாங்க, சுவரெல்லாம் பளிச்சுனு இருக்குது" என்று சொல்கிறவர்களை நானும் பார்க்கிறேன். விட்டது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். வீட்டில் வைத்துக்கொள்ள முடியாத கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் கேட்டதும் எனக்குக் கவலை பிடித்துக்கொள்ளும். "முதுகப் பாத்தியா?" என்று கேட்டுவிடுவேன். சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

மாமனார் அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் பார்த்தார். கடைசியில் ஒரு காய்ச்சலில் போனார். வீட்டுக்குக் கொண்டுவந்தோம். திருப்பத்தூரிலிருந்து நாத்தனார் வந்து சேரும்வரை காத்திருந்தோம். வார்டு அம்மாளும் வந்திருந்தார். குளிப்பாட்டுவதற்காக ஆண்கள் தண்ணீர்க் குடங்களைத் தூக்கிவிட்டார்கள். பெண்கள் அந்தப் பக்கம் போவது வழக்கமில்லை. நாத்தனார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்.

"கொஞ்சம் இருங்க. திருப்புங்க."

திருப்பினார்கள். அவர் குனிந்து, தோளிலிருந்து இடுப்புவரை அப்பாவின் முதுகைக் கையால் மெதுவாகத் தடவிப் பார்த்தார். புண் இருந்த இடத்தில் மெல்லிய புதுத்தோல் பளபளவென்று மூடியிருந்தது. நிமிர்ந்து கூட்டத்துக்கு நடுவில் என்னைத் தேடிப் பார்த்தார். பிறகு குடம் வைத்திருந்தவர்களிடம் சொன்னார்.

"சரி. இப்ப ஊத்துங்க."