நாற்பத்திரண்டு அளவில் ஒரு நீச்சலுடை

ஊரிலுள்ள பெண்களின் உண்மையான மார்பளவு தெரிந்தவள் தையல்காரி மட்டும்தான். அதை வெளியே சொல்லாமல் இருப்பதுதான் எங்கள் தொழிலில் பாதி. மாத்தளை டவுனில் இருபது வருஷமாக சாரி பிளவுஸ் தைக்கிறேன். என்னைப் போல மெஷின் மிதித்து முழங்கால் தேய்ந்த சகோதரிகளே, வாடிக்கைக்காரரிடம் நீங்களும் நிறையப் பட்டிருப்பீர்கள். ஆனால் ஒரே ஒரு நீச்சலுடையால் நான் பட்ட பாட்டைப் பட்டிருக்க மாட்டீர்கள்.

காற்றாடி பார்த்த நானா

வடக்கில் யுத்தம் நடந்த சண்டைக் காலம். எல்கடுவ தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் புனிதா டீச்சர் ஒருநாள் என் கடைக்கு வந்தாள். விளையாட்டு ஆசிரியர் பயிற்சிக்கான சோதனையெல்லாம் பாஸ், நீச்சல் மட்டும் பாக்கி. ஆற்றில் அக்கரைக்குப் போய்த் திரும்புகிறவளுக்கு நீச்சல் பெரிய காரியமில்லை. ஆனால் கண்டியில் உள்ள தடாகத்தில் நீச்சலுடை இல்லாமல் இறங்க விடமாட்டார்களாம். பத்தே நாள்தான் இருக்கிறது, தவறினால் அந்த இடம் இன்னொருவருக்குப் போய்விடும்.

டவுனில் நீச்சலுடை விற்ற ஒரே கடைக்கு அவளைக் கூட்டிப் போனேன். அளவு நாற்பத்திரண்டு என்று சொன்னதும் கடைக்கார முஸ்லிம் நானா தலைக்கு மேலே சுற்றிய காற்றாடியைப் பார்க்கத் தொடங்கினார். பாவம் மனிதர், கடைசிவரை கண்ணைக் கீழே இறக்கவில்லை. எடுத்துப் போட்டதெல்லாம் ஒல்லிப் பிள்ளைகளுக்கு உள்ளவை. காற்றாடியிடமே சொன்னார்: "இந்த சைஸ்ல வராது தங்கச்சி. பெரிய ஆளுங்க நீந்த மாட்டாங்கண்டு கம்பெனிக்காரனுங்க முடிவு பண்ணிட்டானுங்க."

அமுக்கித் தைத்தது

சரி, நானே தைக்கிறேன் என்று வாயை விட்டேன். கார்மென்ட்ஸ் பெக்டரி கழித்த வெட்டுத் துண்டுகளில் நல்ல இழுபடுகிற துணி கிடைத்தது. "சின்னதாத் தெரியணும் அக்கா" என்று புனிதா கேட்டாள். என்னிடம் வருகிற எல்லாரும் கேட்பதுதான். பிளவுஸ் பழக்கத்தில் அவளைக் கையைத் தொங்கப் போட்டு மூச்சைப் பிடிக்கச் சொல்லி அளவெடுத்தேன். பிளவுஸ் போட்ட நம் பெண்கள் கையைத் தூக்குவது பஸ் கம்பியைப் பிடிக்க மட்டும்தானே! கட்டியான லைனிங்கும் வைத்து, குழலுக்குள் புட்டு அடைத்த மாதிரி அமுக்கித் தைத்தேன்.

கடையின் பின்னறையில் அதைப் போட்டுக்கொண்டு, நீந்துகிற மாதிரி இரண்டு கையையும் தூக்கினாள். ஒரு தோள்பட்டி பட்டென்று அறுந்தது. கோபமே இல்லாமல் கேட்டாள்: "அக்கா, இதுக்குள்ள நான் மூச்சு விடவா, நீந்தவா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

பீலியடியில்

வெட்கமாகிவிட்டது எனக்கு. எல்லாவற்றையும் பிரித்தேன். அமுக்குகிற எண்ணத்தையே விட்டுவிட்டு, தாங்குகிற மாதிரி வெட்டினேன். அகலமான தோள்பட்டி, கீழே இறுக்கமான பட்டி, உள்ளே என் புது பிராவிலிருந்து உருவிய இரண்டு கம்பி. நனைந்தால் தொய்கிறதா என்று பார்க்க, அதை எடுத்துக்கொண்டு எல்கடுவைக்கே போனேன்.

லயத்து வீடுகளுக்குக் கீழே, மலைத் தண்ணீர் கொட்டுகிற ரோட்டோரப் பீலியில், நெஞ்சுக்கு மேல் ஒற்றைத் துணியைக் குறுக்குக்கட்டாகக் கட்டி புனிதாவின் அம்மா குளித்துக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த நீச்சலுடையைப் பார்த்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார். "இதப் போட்டுக்கிட்டு ஆம்பளைங்க முன்னால நிப்பாளா என் மக?" அந்த நேரம் பார்த்து தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி ஒன்று போனது. அம்மா அதிலிருந்தவர்களுக்குக் கை காட்டினார். நனைந்த குறுக்குக்கட்டை நான் ஒரு பார்வை பார்த்தேன். அவருக்கு விளங்கிவிட்டது. "லொறியில போறவன் நம்ம தோட்டத்து ஆளு, தங்கச்சி. கண்டியில நிக்கிறவன் யாரோ எவனோ."

கம்பி

சோதனை நாள். நானும் புனிதாவும் கண்டி பஸ்ஸில் போனோம். வழியில் செக்பொயின்டில் எல்லாரையும் இறக்கினார்கள். பெண் பொலிஸ் ஒருத்தி பையைக் கிளறி, நீச்சலுடையைத் தடவி, கம்பியில் விரலை நிறுத்தினாள். அந்தக் காலத்தில் தமிழர் பையில் கம்பி என்றால் குண்டு என்றுதான் நினைப்பார்கள்! பஸ் காத்திருக்காது, பஸ்ஸை விட்டால் சோதனையும் போச்சு.

எனக்குத் தெரிந்த சிங்களத்தில், என் நெஞ்சையே தொட்டுக் காட்டி விளக்கினேன். அவள் புனிதாவைப் பார்த்தாள், பிறகு பட்டன் பிதுங்கிய தன் யூனிபோர்மைக் குனிந்து பார்த்தாள். உடையை ஒழுங்காக மடித்துத் தந்துவிட்டு, சிங்களத்தில் மெல்லக் கேட்டாள்: "அக்கா, எனக்கும் இப்படி ஒன்று தைக்க ஏலுமா? இந்தச் சட்டையோடதான் எங்களை ஓடச் சொல்றாங்க."

கரையில் மூன்று சேர்மார்

தடாகத்தடியில் நீச்சலைச் சோதிக்க மூன்று சேர்மார், ஒருவர் கையில் நேரம் பார்க்கும் கடிகாரம். புனிதா போர்த்தியிருந்த துவாயை எடுத்தாள். எதுவும் பிதுங்கவில்லை, தொய்யவில்லை. அவ்வளவு அழகாக நின்றாள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. குதித்து மறுகரையைத் தொட்டாள். சேர்மார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "மிஸ், டைம் எடுக்க மறந்துட்டோம். இன்னொருக்கா நீந்துறீங்களா?"

நான் விறுவிறுவென்று அவர்கள் பக்கத்தில் போய் நின்றேன். புனிதா மூச்சு வாங்கிக்கொண்டே, "அப்ப கடிகாரத்த இந்த அக்காகிட்ட குடுங்க சேர்" என்றாள். கடிகாரம் வைத்திருந்தவர் அதை என் கையில் தந்தார். கோபத்தில் முன்னதைவிட வேகமாகவே நீந்தினாள். நான் பட்டனை அமுக்கிக் காட்டினேன், குறித்த நேரத்துக்குள் முடித்திருந்தாள். தலை குனிந்து "பாஸ்" என்று எழுதிக்கொண்டிருந்தவர் முன்னால் சொட்டச் சொட்ட வந்து நின்றாள்: "மொத தடவையும் நான் நீந்தினேன் சேர். அதையும் எழுதுங்க."

நீச்சலுடையில் திருத்த வேண்டியதையெல்லாம் நான் திருத்திவிட்டேன், கரையில் நின்றவர்களைத் திருத்துவது என் மெஷினுக்கு முடிகிற வேலை இல்லை.