வேரா லெவோவ்னாவின் இரகசியமில்லாத வேலை

ஆய்வுகூடத்தின் குளிர் அறையில் நின்றபோது தொலைபேசி வந்திருப்பதாகக் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தாதி. வேரா லெவோவ்னா விடியற்காலையில் காலமாகிவிட்டார் என்றும், உறவினர் என்று என் பெயரை மட்டுமே தந்திருக்கிறார் என்றும் சொன்னார். சோவியத் நாட்டு யூதப் பெண்மணி ஒருவருக்கு யாழ்ப்பாணத்தான் எப்படி உறவினன் ஆனான் என்று அவர் கேட்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்கு இறந்தவருடைய முகம்கூட நினைவில் வரவில்லை. மொஸ்கோவில் இருக்கும் மகளுக்கு யாராவது சொல்ல வேண்டும், அந்த யாராவது நான்தான் என்பதுதான் மண்டையில் அடித்தது.

மெல்பேர்ணில் உங்களில் பலருக்கு அவர் வெறும் வேரா அன்ரி. நம் ஒன்றுகூடல்களில் கதிரை நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வடையைக் கரண்டியால் வெட்டிச் சாப்பிட்டவர். பிள்ளைகள் எது கேட்டாலும் "ஓம், ஓம்" என்று தலையாட்டியவர். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். அவர் என்ன வேலை செய்தார், அந்த வேலை அவரை என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

வெள்ளையருக்கு மட்டும் என்ற சட்டத்தை இந்த நாடு கைவிட்ட கையோடு நான் இங்கே வந்தவன். மொஸ்கோவில் இலவசமாகப் படித்துப் பெற்ற இரசாயனப் பட்டத்தை இங்கே யாரும் மதிக்கவில்லை. ஆய்வுகூடத்தில் உதவியாளன் வேலை கிடைத்தது. ஒருநாள் எங்கள் தலைவர் என்னைக் கூப்பிட்டு, உனக்கு ரஷ்ய மொழி தெரியுமல்லவா, புதிதாக வேலைக்கு வந்திருக்கிற இந்த அம்மாவோடு பேசு என்றார். அவருடைய அறையில் வேரா லெவோவ்னா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். தலைவர் கைகுலுக்க நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. அகம்பாவம் இல்லை, அது அவர்களுடைய தொழில் பழக்கம் என்று நான் விளக்க வேண்டியதாயிற்று.

அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் நியூக்கிளிக் அமில இரசாயனவியலாளர். நம் உடம்புக் கலங்களில் புரதம் கட்டப்படும்போது, அதற்கு வேண்டிய துண்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து உரிய இடத்தில் வைக்கிற சின்னஞ்சிறு ஆர்.என்.ஏ மூலக்கூறுகள் இருக்கின்றன. அவற்றில் பல வகை உண்டு. எல்லாம் ஒரே சாயல். ஒரு வகையை மட்டும் ஈஸ்டிலிருந்து பிரித்தெடுத்து, சுத்தமாக்கி, அதன் கட்டமைப்பை எழுத்தெழுத்தாக வாசிப்பதுதான் அவர் வேலை. மூட்டை மூட்டையாக ஈஸ்ட் போட்டால் கடைசியில் ஒரு சிட்டிகை வரும். அதற்கு எமன் மனிதக் கை. விரலில் ஊறும் ஒரு நொதியம் பட்டால் போதும், மாதக்கணக்கான உழைப்பு தண்ணீராகிவிடும். அதனால் அவர் கதவுப்பிடியைக்கூட முழங்கையால்தான் திருப்புவார். "கைதான் எதிரி. அதிலும் சொந்தக் கை" என்பார்.

மல்கிரேவில் எங்கள் வீட்டுக்கு முதன்முதலாகச் சாப்பிட வந்த அன்று, பிட்டும் மீன்குழம்பும் வைத்தோம். என் பிள்ளைகள் கையால் பிசைந்து அடிப்பதை அவர் கண் வெட்டாமல் பார்த்தார். கரண்டி கேட்டதும் என் மனைவி பரமேஸ்வரி குசினிக்குள் என்னை இழுத்து, "ஏனப்பா, மனுசிக்குக் கையில ஏதும் காயமோ?" என்றாள். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்து, வீட்டிலேயே நல்ல கரண்டியைத் தேடிக் கொடுத்தாள். வேரா லெவோவ்னா என்னிடம் ரஷ்ய மொழியில், இந்த வீட்டில் ஒரு ஆர்.என்.ஏகூட உயிர் பிழைக்காது என்றார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்த நாட்கள் குறைவு. அது ஒன்று.

அவருடைய கணவர் வெகு முன்னரே இறந்துவிட்டார். ஒரே மகள். அவளும் இரசாயனம் படித்து, தாயின் நிறுவனத்திலேயே, தாயின் மேசைக்கு எதிர் மேசையில் வேலை செய்தாள். அவள் பெயரை இங்கே எழுதமாட்டேன். அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். தாய்க்கும் மகளுக்கும் ஒரு பெரிய சண்டை இருந்தது. அவர்கள் பிரித்தெடுத்த மூலக்கூறு கடைசிக் கட்டத்தில் எப்போதும் இரண்டு பங்காகவே வெளியே வந்தது. இரண்டாவது பங்கு அழுக்கு, கொட்டிவிட வேண்டும் என்றார் தாய். இல்லை, இரண்டும் ஒன்றுதான், ஒரே மூலக்கூறு இரண்டு விதமாக மடிந்து கிடக்கிறது, இளஞ்சூடு காட்டி ஆறவிட்டால் ஒன்றாகிவிடும் என்றாள் மகள். சூடு காட்டினால் எல்லாம் நாசம் என்று தாய் கத்த, மகள் தன்பாட்டில் செய்து பார்த்து ஒரு சிறு கட்டுரையாக வெளியிட்டும் விட்டாள். ஒரு பனிக்காலம் முழுவதும் இருவரும் சாப்பாட்டு மேசையில் முகம் பார்க்கவில்லையாம். அந்தக் கோபம் ஆறுமுன்னே தாய்க்கு நாட்டைவிட்டு வெளியேற அனுமதி கிடைத்தது. மகள் பின்னால் வருவதாக ஏற்பாடு.

மகள் விண்ணப்பித்தாள். மறுத்துவிட்டார்கள். அவள் அரசாங்க இரகசியம் அறிந்தவளாம். வேலையிலிருந்தும் நிறுத்தினார்கள், நூலகத்துக்குள்ளும் விடவில்லை. படித்த பெண் ஏதோ ஒரு கட்டடத்தில் மின்தூக்கி ஓட்டினாள். அந்த நாடு எனக்குச் சோறும் படிப்பும் தந்தது, நான் நன்றி மறந்தவன் இல்லை. ஆனாலும் சொல்கிறேன், ஈஸ்டில் என்ன இரகசியம் ஐயா? பேக்கரியில் பாண் போடுகிறவனுக்கெல்லாம் தெரிந்த ஈஸ்ட். அன்று வேரா லெவோவ்னா அழவில்லை. ஆய்வுகூடத்து மேசை முன்னால் நின்று என்னிடம் சொன்னார்: "அச்சில் வெளியான கட்டுரைகளை மட்டும் வைத்துக்கொண்டு, அவள் செய்த வேலை முழுவதையும் இங்கே நான் செய்து காட்டப்போகிறேன். மெல்பேர்ணில் ஒரு கிழவி தனியாகச் செய்யக்கூடியது எப்படி இரகசியமாகும்?"

எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஆனால் அவரிடம் வேறு என்ன இருந்தது? அமைச்சர்களைத் தெரியாது, ஆங்கிலம் வராது. தெரிந்தது இந்த ஒரு வேலை. ஊரிலுள்ள மதுபான ஆலை ஒன்று மிஞ்சிய ஈஸ்டை இனாமாகத் தந்தது. என் பழைய காரில் ஏற்றி வருவேன். புளித்த நாற்றம் போகாமல் பரமேஸ்வரி அந்தக் காரில் கோயில் காரியங்களுக்கு ஏற மறுத்தாள். பீனோலோடு குலுக்கி, மதுசாரம் ஊற்றினால் வெண்பஞ்சு மாதிரி ஒன்று படியும். நான் கண்டு துள்ளுவேன். அவர் பார்க்கவே மாட்டார். "வெள்ளையாக இருப்பதெல்லாம் சுத்தம் இல்லை" என்பார். இந்த நாட்டில் அதை உரக்கச் சொல்லாதீர்கள் என்று நான் பகிடி விட்டேன். அவருக்கு விளங்கவில்லை, விளக்க வெளிக்கிட்டு நானே கைவிட்டேன்.

இரண்டு முறை கடைசிவரை போனார். இரண்டு முறையும் இரண்டு பங்காகவே வந்தது. தன் வழக்கப்படி இரண்டாவதைக் கொட்டினார். மிஞ்சியது வாசிக்கப் போதவில்லை. மீண்டும் முதலிலிருந்து. அதற்கிடையில் மொஸ்கோவில் மகளுக்கு இன்னொரு மறுப்பு.

மூன்றாம் முறை சேர்த்தது உறைகுளிரில் இருந்தபோதுதான் மின்நிலையத் தொழிலாளர் வேலைநிறுத்தம் வந்து மின்சாரம் நின்றது. உங்களுக்கு நினைவிருக்கும், நீங்கள் ஐஸ் கொண்டு வந்தீர்கள். பரமேஸ்வரி ஒவ்வொரு வீடாகத் தொலைபேசி எடுத்து, "வேரா அன்ரியின்ர சாமான் உருகப்போகுதாம், மீன்கடையில ஐஸ் இருந்தால் வாங்கிக்கொண்டு ஓடிவாங்கோ" என்றாள். மீன் வாசத்தோடு ஐஸ் வந்து குவிந்தது. ஆய்வுகூடத்துக் கட்டடத்தில் சாறியும் ஐஸ் வாளியுமாக நம் பெண்கள் ஏறி இறங்கியதைப் பார்த்து வாசல்காவலர் திகைத்துப் போனார். வேரா லெவோவ்னா ஒவ்வொருவரையும் கும்பிட்டார். கும்பிடக் கற்றுக்கொண்டதே கை தொடாமல் வணக்கம் சொல்ல வசதி என்றுதான். அப்படியும் பெரும்பகுதி போய்விட்டது. கொஞ்சம் தப்பியது.

அந்த வருடம் ஓகஸ்ட் கலவரத்தில் கொழும்பில் நம்மவர் வீடுகள் எரிந்ததை நான் சொல்லத் தேவையில்லை. என் தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. கேள்விப்பட்டதும் வேரா லெவோவ்னா வந்து எங்கள் தொலைபேசி பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தார். "காத்திருப்பதில் நான் பட்டம் பெற்றவள். நீ போய்ப் படு, மணி அடித்தால் எழுப்புகிறேன்" என்றார். தம்பி கப்பலில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் வந்திருந்தார். எனக்காவது செய்தி வந்தது.

தப்பிய கொஞ்சத்தோடு கடைசிக் கட்டத்துக்குப் போனார். மறுபடியும் இரண்டு பங்கு. ஒன்றைக் கொட்டினால் மிஞ்சுவது வாசிக்கப் போதாது; இன்னொரு முறை தொடங்க அவருக்கு உடம்பில் தெம்பில்லை. அந்த நாட்களிலேயே வயிற்றில் வலி இருந்திருக்கிறது, எங்களுக்குச் சொல்லவில்லை. கொட்டும் பாத்திரத்தைத் தள்ளி வைத்தார். பிறகு இரண்டையும் சேர்த்து ஒரே குழாயில் ஊற்றி, மகளின் கட்டுரையில் சொன்னபடி இளஞ்சூடு காட்டி ஆறவிட்டார். மறுநாள் பதிகருவியின் பேனா தாளில் கோடு இழுத்துக்கொண்டு போக நாங்கள் இருவரும் பார்த்தபடி நின்றோம். முன்பு இரண்டு மேடு வந்த இடத்தில் ஒரே ஒரு மேடு எழுந்து இறங்கியது. வேறு எதுவும் வரவில்லை. அவர் என் தோளில் முகத்தை வைத்து அழுதார். "பார்த்தாயா, கழுதை! அம்மா சொன்னதைக் கேட்காத கழுதை!" என்று மகளைத் திட்டினார். அப்படிச் சந்தோஷமாக யாரும் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை.

கட்டுரை வெளியானது. மகளின் கட்டுரையை அதில் பெயரோடு சுட்டியிருந்தார். சுட்டாமல் விடலாமே என்று தலைவர் கேட்டார். பிறர் முறையைப் பயன்படுத்திவிட்டுப் பெயர் சொல்லாமல் விடுவது களவு என்றார் வேரா லெவோவ்னா. தவிர, எல்லாம் ஏற்கெனவே அச்சில் வெளிவந்ததுதான் என்று காட்டத்தானே இத்தனை பாடும்? அவர் சொன்னது நியாயம். எந்த விஞ்ஞானியும் அதைத்தான் செய்திருப்பார்.

மகள் மறுபடி விண்ணப்பித்தாள். பதிலை அவளே தொலைபேசியில் சொன்னாள். வெளிநாட்டிலிருக்கும் தாய் அதே வேலையைச் செய்து வெளியிட்டிருக்கிறார், அதில் உன் பெயரும் இருக்கிறது, ஆகவே நீ இரகசியத்தை வெளியே அனுப்பியிருக்கிறாய் என்றார்களாம். இனி விண்ணப்பிக்கவே வேண்டாம் என்றார்களாம். முறை சரியாக வந்ததைப் பற்றித் தாய் வாயைத் திறந்ததும், "அம்மா, வேலையைப் பற்றிப் பேசாதே" என்று அவள் அழுதாள். இணைப்பும் போய்விட்டது.

வேரா லெவோவ்னா தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நன்றாகச் செய்துவிட்டேன். மோசமாகச் செய்திருந்தால் அவளை விட்டிருப்பார்கள்" என்றார். அந்த அநியாயத்தை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவர் ஆய்வுகூடத்துக்கு வரவில்லை. வைத்தியர்கள் கட்டியைக் கண்டுபிடித்தபோது காலம் கடந்திருந்தது. ஆஸ்பத்திரியில் நானும் பரமேஸ்வரியும் மாறி மாறி இருந்தோம். தானாகவே கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். நினைவு தெளிவாக இருந்த கடைசி நாளில், "அவளிடம் சொல்லு. முறை அவளுடையதுதான் சரி. நான்தான் பிழை. அவை இரண்டும் ஒன்றுதான்" என்றார். அதைச் சொல்லிவிடுவாயா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். சொல்லுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அவரை அடக்கம் செய்த அன்று மாலை மொஸ்கோவுக்கு அழைப்புப் பதிந்து காத்திருந்தேன். இணைப்புக் கிடைத்ததும் நான் யார் என்று சொன்னேன். அவளுக்கு விளங்கிவிட்டது. அழுது முடித்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா என்ன சாப்பிட்டார், எங்கே தூங்கினார் என்று சொல்லுங்கள். வேறு எதுவும் வேண்டாம். நீங்கள் சொல்கிற ஒவ்வொரு வசனத்துக்கும் இங்கே நான் பதில் சொல்ல வேண்டும்."

பிட்டைப் பற்றிச் சொன்னேன். கரண்டியைப் பற்றிச் சொன்னேன். பிள்ளைகள் அன்ரி என்று கூப்பிட்டதைச் சொன்னேன். வலி தெரியாமல் போனார் என்று பொய்யும் சொன்னேன். நேரம் முடியப்போகிறது என்று இணைப்பாளர் குறுக்கிட்டபோது அவள், "எனக்கு ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள்.

வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொன்னால் நாளைக்கு யாரோ ஒருவன் அவளை நாற்காலியில் இருத்தி, என்ன முறை, எது சரி, எவை இரண்டு என்று கேட்பான். "உன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார்" என்றேன். அதுவும் உண்மைதான். நன்றி என்றாள். இணைப்புப் போய்விட்டது.

வேரா லெவோவ்னாவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த வசனம் ஒன்றுதான். அது எனக்குரியது இல்லை. மொஸ்கோவிலும் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று அறிவேன். அவர்கள் இதை வாசித்தால் வாசிக்கட்டும், இதில் இரகசியம் எதுவும் கிடையாது. ஒரு தாய் தன் மகளிடம் தான் பிழை என்று ஒப்புக்கொண்டாள், அவ்வளவுதான். அதைக் கேட்க வேண்டியவளுக்குச் சொல்ல முடியவில்லை. உங்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.