தையல்காரர் ஆண்டியப்பனின் வயிற்றெரிச்சல்

தேயிலை மலையூரான திரிங்காப்பில், சாலையோரத்தில் தையல் கடை வைத்திருந்த ஆண்டியப்பனுக்கு வயிற்றெரிச்சல் என்றொரு வியாதி. கஷாயத்துக்கும் அடங்காது, மாத்திரைக்கும் அடங்காது. நாகமணி என்ற பெயரை யாராவது சொன்னால் போதும், அன்றைக்குச் சோறு இறங்காது மனிதருக்கு.

நாகமணி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். புருசன் செத்த பிறகு, எழுபத்திரண்டாம் வருடம், ஆண்டியப்பன் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கொக்கி வைக்கலாம், காஜா எடுக்கலாம், ஓரம் அடிக்கலாம். அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. துணி வெட்டுவது ஆண்டியப்பன் மட்டும்தான். அதுவும் முதுகைத் திருப்பிக்கொண்டு, என்னவோ புதையலை எண்ணுகிறவர் மாதிரி. கல்யாணமான நாளிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைக்கும் மனைவி தங்கம்மாவுக்கும் அதே முதுகுதான். வெட்டத் தெரிந்துகொண்டால் யாராயிருந்தாலும் எதிர்க்கடை போட்டுவிடுவார்கள் என்று அவருக்குப் பயம்.

அவர் பயந்தபடியே ஆயிற்று. நாகமணி பழைய ஜாக்கெட்டுகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தே வெட்டக் கற்றுக்கொண்டு, தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டு முன்னறையில் ஒரு மிஷினைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். போகட்டும், ஒரு மிஷின்தானே என்று ஆண்டியப்பனும் முதலில் விட்டுவிட்டார். ஆனால் அவள் சும்மா இருந்தாளா? ஞாயிற்றுக்கிழமைகளில் லைன் பெண்களைக் கூப்பிட்டு வெட்டச் சொல்லிக் கொடுத்தாள். ஊரார் துணியில் கை வைக்க அந்தப் பெண்களுக்கு உதறல். “என் துணிய வெட்டுங்கடி, கெட்டா நான்தானே போட்டுக்கப் போறேன்” என்று தன் துணியையே எடுத்துக் கொடுத்தாள். கெட்டுப்போன ஜாக்கெட்டைச் சொன்னபடியே போட்டுக்கொண்டு டவுனுக்கும் போய்வந்தாள். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை.

“நல்லா வெளம்பரம் பண்றா லா” என்று ஆண்டியப்பன் கடைவாசலில் நின்று சிரித்தார். அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் ஓடவில்லை. கோணல் ஜாக்கெட் வெட்டிய வேலம்மா லெம்பா பெர்த்தாம் ஊரில் சொந்தமாக மிஷின் போட்டாள். இன்னொருத்தி கியா பார்மில். எவளுக்குக் கடை நடந்தாலும் நாகமணி தன் வீட்டில் விசேஷம் மாதிரி சந்தோஷப்பட்டாள். இந்தக் கூத்தைத்தான் ஆண்டியப்பனால் தாங்க முடியவில்லை. தன் கையால் எதிரிகளை வளர்த்துவிட்டுச் சிரிக்கிறாளே, இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா? பைத்தியமென்றால் எல்லோரும் ஏன் அவள் வீட்டு வாசலிலேயே கிடக்கிறார்கள்? தன் வாசலில் நாய்கூடப் படுப்பதில்லையே என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எழுபத்தெட்டாம் வருடத் தீபாவளிக்கு அவர் ஒரு காரியம் செய்தார். வந்த துணியையெல்லாம் வாங்கிப் போட்டார். வழக்கமாக ஓரளவுக்கு மேல் போனால் கை விரித்துவிடுகிறவர், இந்தமுறை தோட்டம் தோட்டமாகத் தானே போய், அளவு ஜாக்கெட்டும் துணியுமாக மூட்டை கட்டிக்கொண்டு வந்தார். பெரியவர்களுக்குத் தைத்தால் பிள்ளைகளுக்குக் கூலி இல்லை என்றும் அறிவித்தார். ஒரு முழத் துணி அவள் பக்கம் போய்விடக் கூடாது. போகவில்லை. நாகமணியின் முன்னறை காலியாகக் கிடப்பதாகக் கேள்விப்பட்ட அன்று அவர் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

அப்புறம்தான் துணிக் குவியலை ஒழுங்காகப் பார்த்தார். தைக்க இரண்டு ஆட்கள் இருந்தார்கள். வெட்டிக் கொடுத்தால்தானே தைப்பார்கள்? ஒற்றை ஆளாக வெட்டி வெட்டி அவர் கட்டைவிரல் வீங்கி, கத்தரிக்கோல் வளையத்துக்குள் நுழைய மறுத்தது. தீபாவளிக்கு மூன்றே நாள். பாதிக்கு மேல் அப்படியே மடிப்புக் கலையாமல் இருந்தது. சொன்ன தேதிக்குத் துணி தராத தையல்காரன் என்று இதுவரை ஒருவரும் அவரைச் சொன்னதில்லை. இந்த வருடம் சொல்லப்போகிறார்கள். அதுவும் அவள் காதில் விழுகிற மாதிரி சொல்வார்கள்.

மறுநாள் காலை, மழையோடு மழையாக ஒரு காய்கறி லோரி கடைமுன் நின்றது. நாகமணி இறங்கினாள். பின்னாலேயே வேலம்மாவும் இன்னும் நாலு பெண்களும், ஆளுக்கொரு கத்தரிக்கோலோடு.

“யாரு உன்ன வரச் சொன்னது?” என்றார் ஆண்டியப்பன்.

“நான்தான் போய்க் கூப்பிட்டேன்” என்றாள் தங்கம்மா உள்ளேயிருந்து.

“எதுக்கு? ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கவா?”

நாகமணி தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: “சிரிக்க நேரம் ஏதுண்ணே? புள்ளைங்க துணிக்குக் காத்துக்கிட்டு இருக்குங்க. பழச உடுத்திக்கிட்டு கோயிலுக்கு வந்து நின்னா, அதுங்க மூஞ்சில நாம எப்படி முழிக்கிறது? எங்க உக்காரணும்னு மட்டும் சொல்லுங்க.”

“நீ ஒருத்தி எத்தன வெட்டுவ?”

“நான் எங்க வெட்டப் போறேன்? இவங்க வெட்டுவாங்க லா. நான் காஜா எடுக்கிறேன்.”

ஐந்து பெண்களும் தரையில் துணியை விரித்தார்கள். ஒருத்திக்கும் முதுகைத் திருப்பத் தெரியவில்லை. “அக்கா, இந்தக் கழுத்து சரியா?” என்று ஒருத்தி கேட்டால், நாகமணி வாயைத் திறக்குமுன் வேலம்மா எட்டிப்பார்த்துச் சொல்லிவிடுவாள். ஆண்டியப்பன் வீங்கிய விரலை வெந்நீரில் முக்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். எங்காவது ஒரு வெட்டு கோணாதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். கோணவில்லை. அவருக்கு அழுகை வரும்போல இருந்தது.

தீபாவளிக்கு முதல் நாள் மத்தியானமே எல்லாத் துணியும் வீடு சேர்ந்தது.

விடிந்து, தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கூட்டம். காலரில் மஞ்சள் தடவிய புதுச்சட்டையோடு, தோட்டத்துக் கொழுந்து லோரி ஓட்டும் கருப்பையா வந்து ஆண்டியப்பன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, இந்த வருசம் உங்க வெட்டு அலாதி லா. இத்தன வருசத்துல இப்படி அமைஞ்சதில்ல. என்னாம்மா நாகமணி, நீயும் பாரு, இதுதான் தையலு.”

நாகமணி பக்கத்தில்தான் நின்றாள். சொல்லிவிடுவாள் என்று ஆண்டியப்பன் காத்திருந்தார். சொல்லட்டும் என்றுகூட நினைத்தார். சொல்லிவிட்டால் ஆயுசுக்கும் அவளை நிம்மதியாக வெறுத்துக்கொண்டு கிடக்கலாம்.

“அண்ணன் கடைத் துணின்னா சும்மாவா” என்றாள் அவள். சொல்லிவிட்டுச் சாமி கும்பிடப் போய்விட்டாள்.

உண்மையைச் சொல்ல ஆண்டியப்பன் வாயைத் திறந்தார். கருப்பையா முகத்தைப் பார்த்ததும் தலையை மட்டும் ஆட்டினார். அவளுக்கு இருக்கும் அந்த மனசு தனக்கு ஏன் வாய்க்கவில்லை என்று அதற்கும் சேர்த்து வயிறு எரிந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் தங்கம்மா சொன்னாள்: “வர்ற ஞாயித்துக்கெழம நாகமணிகிட்ட வெட்டப் பழகப் போறேங்க.”

அவர் நின்றுவிட்டார். “அவகிட்டயா? எதுக்கு? நான் சொல்லித் தர மாட்டேனா?”

தங்கம்மா கோபப்படவில்லை. “இருவது வருசமா நான் உங்க பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்” என்று சொல்லிவிட்டு, முன்னால் நடந்தாள்.