சாம்பிராணி பட்ட கண்ணாடி

மாடம்பாக்கத்தில் எங்கள் தெருவிலிருந்து காலேஜுக்குப் பாடம் நடத்தப் போன பெண் என் மகள் ஒருத்திதான். எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் எனக்கு வரும். ஆனாலும் அவள் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள் என்று கேட்காதவர்களிடமும் சொல்லுவேன்.

"ஊசி போடாத டாக்டரா அக்கா? காய்ச்சல் வந்தா இன்னா பண்றது?" என்பாள் எதிர்வீட்டுக்காரி.

"ஊசி குத்தத்தான் உன் மாமியார் கீறாங்களே, அவங்களக் கூப்டு," என்பேன்.

அவள் வேலையை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். ஆபீஸ்களில் காகிதம் அச்சடிக்கிற பிரிண்டரில் மைக்குப் பதிலாக டைட்டானியம் ஆக்சைடு என்கிற வெள்ளைப் பொடியைத் தண்ணீர் போலக் கரைத்து ஊற்றுவாள். அதைச் சின்னக் கண்ணாடித் துண்டுகளில் அச்சடித்து உலையில் சுடுவாள். நேராகப் பார்த்தால் வெறும் கண்ணாடிதான். சாய்த்தால், மழையில் ரோட்டில் சிந்தின டீசல் போல நீலம் ஓடும். மேலே இன்னொரு தரம் அடித்தால் நிறம் மாறும். அந்தப் பூச்சு எவ்வளவு வெளிச்சத்தை விடுகிறது, எவ்வளவைத் திருப்புகிறது என்பதுதான் அவள் படிப்பு.

அதை அளக்கிற மெஷின் சிட்டிக்குள் ஒரு பெரிய இடத்தில் இருந்தது. அவளுக்கு ஒரே ஒரு நாள் கொடுத்தார்கள், விஜயதசமிக்கு மறுநாள். அந்த அளவு வந்தால்தான் பட்டத்துக்கான ஆய்வைத் தீபாவளிக்குள் எழுதிக் கொடுக்க முடியும். அதற்குமேல் கெடு கிடையாது, தவறினால் பட்டம் போச்சு.

சரஸ்வதி பூஜையன்று நான், மருமகன், எல்லாரும் புத்தகம் வைத்தோம். அவள் கண்ணாடித் தட்டைக் கொண்டுவந்து மூடியைத் திறந்து படத்துக்கு முன்னால் வைத்தாள்.

"புக்கு இல்லியாடி?"

"இதாம்மா என் புக்கு."

எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. சாம்பிராணியை அவளே காட்டினாள். கண்ணாடிக்கு இரண்டு சுற்று கூடுதலாகவே காட்டினாள். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை தொடக்கூடாது அல்லவா, இராத்திரி முழுக்கப் புகை அடங்கிய அறையில் அது திறந்தே கிடந்தது.

அளக்கப் போனவள் மத்தியானமே திரும்பிவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"புகை படிஞ்சிருக்கும்மா. பூச்சு பஞ்சு மாதிரி, உள்ள இழுத்துக்கிச்சு. நீல வெளிச்சத்துல பாதி அதத் தாண்டிப் போவல."

ஒரு துண்டை வாங்கி ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். "பளிச்சுனுதானே கீது."

"உன் கண்ணுக்கு."

"தொடச்சா?"

"பூச்சும் வந்துடும்."

புதிதாக அச்சடித்துவிட்டால் கெஞ்சி இன்னொரு நாள் மெஷினைக் கேட்கலாம் என்று மறுநாள் காலேஜுக்கு ஓடினாள். அந்தப் பிரிண்டரின் துவாரம் காய்ந்துவிடாமல் இருக்க ஞாயிற்றுக்கிழமைகூடப் போய் ஒரு கோடு ஓட்டிவிட்டு வருகிறவள் அவள். காலேஜிலும் பூஜைக்கு மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து அந்த அறையைப் பூட்டியதில் அத்தனை நாளும் அது ஓடவில்லை. துவாரமெல்லாம் அடைத்துக் கிடந்தது. அந்த மாடல் இப்போது வருவதில்லை என்று பிரிண்டர் கடைக்காரன் சொல்லிவிட்டான். அவளுக்கு வழிகாட்டின சார், "விடும்மா, சாமிக்குத்தானே வச்சே," என்றாராம். அதைச் சொல்லும்போதுதான் அவள் அழுதாள்.

தீபாவளி வந்து போனது. எதிர்வீட்டுக்காரி அதற்குப் பிறகு டாக்டர் பேச்சை எடுக்கவில்லை. அவள் கிண்டல் செய்திருந்தால்கூடத் தேவலை.

மறுவருஷம் பூஜைக்கு நான் அரிவாள்மணை வைத்தேன், மருமகன் ஸ்கூட்டர் சாவி வைத்தான். "நீ இன்னாடி வைக்கிற?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லம்மா," என்று சுண்டலுக்குத் தேங்காய் துருவப் போய்விட்டாள்.